வலக்கால் நீண்ட பெருக்கற்குறி

அவருடைய சட்டைப் பையில் எழுதுகோலை நான் ஒருநாளும் கண்டதில்லை. அங்கே இருந்தது பாதியாக முறித்த வெள்ளைச் சுண்ணக்கட்டி ஒன்றே. காக்கிச் சட்டையின் பை விளிம்பு மாவு படிந்ததுபோல் எப்போதும் வெளுத்திருக்கும். படைக்கலத் தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். பிறர் செய்த பண்டங்களைப் பார்ப்பதே அவர் தொழில். பழுது கண்டால் சுண்ணக்கட்டியை நாவின் நுனியில் நனைத்து, அப்பண்டத்தின்மேல் ஒரு பெருக்கற்குறி இடுவார். அது செய்தவனிடமே திரும்பிவிடும்.

"நல்லதற்கு என்ன குறி ஐயா?" என்று ஒருமுறை வினவினேன்.

"நல்லதுக்கு ஏது குறி வாத்யாரே? நல்லது அதும்பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும். நின்னு போறதுக்குத்தான் குறி."

நான் ஆசிரியன் அல்லேன். புனே நகரில் பழஞ்சுவடிகளுக்கு அட்டவணை எழுதும் நிறுவனமொன்றில் பணி செய்தேன். ஆயினும் கட்டுக்கட்டாக ஏடு சுமந்து வருபவன் எவனும் அவர் அகராதியில் வாத்தியார்தான். தமிழர் நாவில் கிர்க்கி என்றே வழங்கும் தொழிற்சாலைப் பகுதியில், அவர் வீட்டை ஒட்டிய வீட்டில் என் மனைவியும் நானும் பதினான்கு ஆண்டுகள் குடியிருந்தோம். வேலூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம் அவருடையது. தமிழும் இந்தியும் மராத்தியும் அவர் வாயில் ஒரே அடுப்பில் வெந்த மூன்று பருப்புகள்போல் கலந்து வரும்.

பணி ஓய்வு பெற்ற பின்னரும் ஆய்வு ஓயவில்லை. கடைத்தெருவில் கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து ஒளியில் திருப்புவார். காம்படியில் ஊசி முனையளவு துளை இருந்தாலும் குறி விழும். அவர் தலை தெரிந்தவுடனேயே காய்கறிக்காரி, "ஃபுலி காகா ஆலே!" என்று பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுப்பாள். ஃபுலி என்பது மராத்தியில் பெருக்கற்குறி. குறி மாமா வந்துவிட்டார் என்பது பொருள். அவள் ஏசுவாள், ஆனால் குறி விழுந்த காய்களைத் தனியே எடுத்து வைத்துவிடுவாள். அக்காய்களில் புழு இல்லாதிருந்ததாக ஒருநாளும் அவள் சொல்லிக் கேட்டதில்லை.

எங்கள் வீட்டிலும் அவர் கை ஓய்ந்திருக்கவில்லை. புதிதாக வாங்கிய வாளியில் மயிரிழை வெடிப்பு ஒன்றைக் கண்டு குறியிட்டார். என் மனைவி மறுநாள் வாளியைத் தேய்த்தபோது குறியும் போயிற்று. அதை அவர் பார்த்துவிட்டார்.

"யாரும்மா அழிச்சது?"

"நான்தாங்க. வாளியைக் கழுவாம இருக்க முடியுமா?"

"போட்டவன்தாம்மா அழிக்கணும். வேலையைச் சரிபண்ணிக்கினு பண்டம், குறி போட்டவன் முன்னாடி வந்து நிக்கணும். அவன் பார்க்கணும். அவன் கையால துடைக்கணும். வேற எவன் துடைச்சாலும் அது திருட்டு."

இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் மனைவி வெண்பொங்கல் அனுப்பினாள். "குறி போடறதுன்னா தட்டுல போடச் சொல்லுங்க, பொங்கல்ல வேண்டாம்" என்று சொல்லியும் அனுப்பினாள். தட்டு வெறுமையாக, குறியின்றித் திரும்பி வந்தது. அவரிடமிருந்து பெறக்கூடிய பாராட்டு அவ்வளவே என்று அறிந்திருந்தோம்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. மூன்று வீடுகளுக்குப் பெண் பார்க்கச் சென்றாராம். முதல் இரண்டில் இவர் வேண்டாமென்றார். மூன்றாம் வீட்டார் இவரை வேண்டாமென்றார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார்: "அவுங்க சோதனைதான் கரெக்ட்டான சோதனை."

அவருக்கென்று உலகில் எஞ்சியிருந்தவர் ஒரே தம்பி. பெற்றோர் முந்திப் போனதால் பத்து வயதிலிருந்து இவரே வளர்த்து, தம் தொழிற்சாலையிலேயே முலாம் பூசும் பிரிவில் சேர்த்துவிட்ட தம்பி. இருபது ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சில்லை. தம்பி வேலையை விட்டு விலகி, நகரின் மறுகோடியில் ஹடப்சரில் சொந்தமாக முலாம் பட்டறை நடத்துகிறார் என்று அக்கம்பக்கத்தார் சொல்லக் கேட்டிருந்தேன். இவர் வாயிலிருந்து அப்பெயர் வந்ததே இல்லை. அவர் வீட்டில் கூடத்துக்கு அப்பால் நான் சென்றதில்லை; அங்கே உள்ளறை ஒன்று எப்போதும் சாத்தியே கிடக்கும் என்பது மட்டும் தெரியும். அது ஏன் என்றும் நான் கேட்டதில்லை.

இனி அந்த வண்டிக்கு வருகிறேன். ஐம்பதுகளில் வந்த லேண்ட்மாஸ்டர் மகிழுந்து. தாயகம் திரும்பிய ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கியது. தகரக் கொட்டகைக்குள் அது கருநீலமாக நின்றது. ஞாயிறுதோறும் கிளப்பி, கடக்வாஸ்லா அணைவரை தனியே ஓட்டிச் சென்று திரும்புவார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முடிந்தபோது, பின்புறப் பம்பரில் குரோம் பூச்சு கொப்புளம் விட்டு உரியத் தொடங்கியது. பம்பருக்கு 'மோதுதாங்கி' என்றொரு தமிழ்ச்சொல் உண்டென்று நான் சொன்னேன்.

"அதைச் சொல்லி முடிக்கங்காட்டியும் வண்டி மோதிடும் வாத்யாரே" என்றார். அன்றுமுதல் நானும் பம்பர் என்றே சொல்லி வருகிறேன்.

அதைக் கழற்றி நகரத்துப் பட்டறைகள் இரண்டில் கொடுத்துப் பார்த்தார். இரண்டிலிருந்தும் வந்த வேலை குறி பெற்றுத் திரும்பியது. அவர் பார்க்கும் முறை தனி. வடக்குச் சாளரத்தின் குறுக்கே ஒரு கறுப்பு நூலை இழுத்துக் கட்டுவார். சாளரத்தின் எதிரே சாக்குப் படுக்கையில் பம்பரைக் கிடத்தி, அதில் தெரியும் நூலின் பிம்பத்தைப் பார்த்தபடி மெல்ல நடப்பார். நூல் எங்கே நெளிகிறதோ, அங்கே அடியில் பள்ளம் இருக்கிறது. பூச்சு எவ்வளவு மின்னினாலும் நூலை ஏமாற்ற முடியாது.

ஒருநாள் காலை பம்பரைத் தம் பழைய வேட்டியில் சுற்றி என் வாயிலில் கொண்டுவந்து வைத்தார்.

"வாத்யாரே, ஹடப்சர்ல ஒரு பட்டறை இருக்குது. உன்னுதுன்னு சொல்லிக் குடு. என் பேச்சே எடுக்காத."

எவருடைய பட்டறை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆட்டோவில் பம்பரின் இரு முனைகளும் இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே இருப்பது நோயாளியா என்று ஓட்டுநர் கேட்டார். பாதி உண்மைதான் என்றேன்.

கல்நார்க் கூரை வேய்ந்த பட்டறை. அமில நெடி தொண்டையைப் பிடித்தது. ஒரு தொட்டியில் நீல நீர், மற்றொன்றில் பச்சை நீர். முழங்கால்வரை ரப்பர்க் காலணி அணிந்திருந்த ஐம்பது வயது மதிக்கத்தக்கவர் இருமிக்கொண்டே வந்தார். மூக்கும் நெற்றியும் அண்ணனுடையவை. வேட்டியைப் பிரித்தார்; பம்பரைப் புரட்டினார். உட்புறத்தில், விளக்குக் கம்பி நுழைவதற்காக எவரோ கையால் துளைத்த கோணலான ஓட்டை ஒன்றிருந்தது. அதில் சுண்டுவிரலை நுழைத்து ஒரு கணம் அப்படியே நின்றார்.

"உங்க வண்டியா சார்?"

"ஆம்" என்றேன். வாழ்வில் நான் உரைத்த பொய்களுள் மிக மோசமாக உரைக்கப்பட்டது அதுதான்.

"சரி. பத்து நாள் ஆகும். குரோமு எதையும் மறைக்காது சார். அடியில இருக்கறதைப் பெருசாக் காட்டிக் குடுக்கும். பழைய பூச்சை உரிச்சு, தட்டி, தேய்ச்சு, தாமிரம் ஏத்தி, மறுபடி தேய்ச்சு, அப்புறம் நிக்கல், அதுக்குமேலதான் குரோமு. அவசரப்பட்டா..." என்று தொடங்கியவர், "உங்களுக்கு இதெல்லாம் சொல்லியிருப்பாரு" என்று முடித்தார்.

பத்தாம் நாள் கிர்க்கிக்குக் கொண்டுவந்தேன். என் கண்ணுக்கு அது பாதரசம் உறைந்ததுபோல் இருந்தது. அவர் நூல் கட்டினார், நடந்தார், நாவில் சுண்ணக்கட்டியைத் தொட்டார். மூன்று குறிகள் விழுந்தன. பின் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு குறியைச் சுற்றியும் துணியைச் சும்மாடுபோல் வளையமாகச் சுருட்டி வைத்து, அதன்மேல் வேட்டியைச் சுற்றினார். துணி குறியைத் தொடாது; வழியெல்லாம் குலுங்கினாலும் அழியாது.

"பாத்து எடுத்துக்கினு போ. குறி கலைஞ்சா அவனுக்கு எடம் தெரியாது."

தம்பி வேட்டியைப் பிரித்து, வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார்.

"இதுவும் நீங்க போட்டதா சார்?"

நான் மேசைமேல் இருந்த வளையங்களைப் பார்த்தேன்.

"கை மாறவே இல்ல பாருங்க. வலது காலு எப்பவும் நீளம்." குறியை அழிக்கவில்லை. அதன் அருகே விரலை ஓட்டிப் பார்த்தார். "ஆமா. ஊசித்துளை. மூக்குக்கண்ணாடி மாத்திட்டாரா? புதுசா மாத்தியிருந்தாத்தான் இது தெரியும்."

இவ்வாறு ஐந்துமுறை கிர்க்கிக்கும் ஹடப்சருக்கும் இடையே நான் பம்பர் சுமந்தேன். குறிகள் மூன்றிலிருந்து இரண்டாயின, ஒன்றாயின. நான்காம் முறை அவர் குறியிட்ட இடத்தில் ஒளியை எப்படித் திருப்பினாலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொருமுறையும் நான் கிர்க்கி திரும்பியதும் என்னை உட்காரவைத்துத் தேநீர் போட்டுக் கொடுப்பார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு வினவுவார்.

"பட்டறைக்காரன் இருமுறானா?"

"சிறிது இருமுகிறார்."

"வாயில துணி கட்டிக்கினு வேலை செய்யறானா இல்லியா?"

"கட்டவில்லை."

"சொன்னாக் கேக்க மாட்டான்" என்பார். எவர் எப்போது சொன்னதென்று விளக்க மாட்டார். அடுத்தமுறை சென்றபோது, என் பேச்சாகவே துணி கட்டச் சொன்னேன். தம்பி சிரித்தார். அதற்கடுத்தமுறை கட்டியிருந்தார். அதை இவரிடம் சொன்னபோது எழுந்துபோய், கழுவிய தேநீர்க் குவளையையே மீண்டும் கழுவினார்.

ஐந்தாம் முறை நூல் நெளியவில்லை. மூன்று முறை நடந்தார். மண்டியிட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் நின்றார். நல்ல வேலை கண்டு மகிழ்கிறவர் முகமாக அது எனக்குத் தோன்றவில்லை; கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர் முகம்.

"ஆகும்" என்றார். அச்சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். "போய்ச் சொல்லு வாத்யாரே. யார் சொன்னாங்கன்னும் சொல்லு."

மறுநாளே சென்று சொன்னேன். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கவிழ்த்த வாளிமேல் அமர்ந்தார்.

"ஆகும்னாரா? அவரேவா?"

"அவரேதான். நீங்கள் ஒருமுறை வீட்டுக்கு வரலாமே."

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் முலாம் பூசிய ஒரு பெட்டி எஃகுத் தண்டுகள் முழுவதையும் அண்ணன் எல்லார் முன்னிலையிலும் குறியிட்டுத் திருப்பினார்.

"அது சரி சார். வேலை கெட்ட வேலை. எனக்கே தெரியும். கல்யாணமாகி மூணு மாசம், மனசு வேலையில இல்ல. அதுக்குக் கோவம் இல்ல. சாயந்தரம் வீட்டுக்கு வந்தேன். நாங்க படுக்கற ரூம் கதவுல அதே குறி. வலது காலு நீளமா. என் பொஞ்சாதி அதைப் பாத்துட்டு, 'இது என்னைச் சொல்றாரா, உங்களைச் சொல்றாரா?'ன்னு கேட்டா. நான் இன்னா பதில் சொல்லுவேன்? அன்னிக்கே கிளம்பிட்டோம்." சற்று இருமினார். "அந்தக் குறி இன்னும் இருக்குதான்னு பாருங்க. அழிச்சிருந்தார்னா சொல்லுங்க, அடுத்த வண்டியில வரேன்."

கிர்க்கிக்குத் திரும்பி, மறைக்காமல் அனைத்தும் உரைத்தேன். அவர் மறுக்கவில்லை.

"கை தானாப் போட்டுச்சு. அன்னிக்கு முழுக்கக் குறி போட்ட கை."

"துடைத்துவிடுங்கள் ஐயா. அவர் வந்துவிடுவார்."

"எப்படிடா துடைப்பேன்?" என்னை அவர் 'டா' என்றது அந்த ஒருமுறைதான். "போட்டாச்சு. தப்பாவே போட்டிருந்தாலும் போட்டாச்சு. அவன் வந்து முன்னாடி நிக்கணும். நான் பாக்கணும். அப்புறம்தான் என் கை அதைத் தொடும். அவன் வராம அழிச்சா, கணக்குல அவன் வந்ததாவே ஆகாது. வரச் சொல்லு. வந்த நிமிஷம் அழிக்கிறேன்."

அழித்தால் வருகிறேன் என்றார் அவர். வந்தால் அழிக்கிறேன் என்றார் இவர். அவர் வாயிலில் நிற்கும் அதே நொடியில் நீங்கள் துடையுங்கள் என்று நடுவழி ஒன்றைக்கூட நான் கூறிப்பார்த்தேன். சோதனைக் கூடத்தில் அப்படியொரு முறை கிடையாதென்றார்.

சில நாள் கழித்து, பம்பரைப் பொருத்தத் திருகாணி தேவைப்பட்டது. உள்ளறையிலிருந்து எடுத்துவரச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் கொட்டகையில் இருந்தார். கதவின் முன் நின்றேன். குறி இருந்தது. என் தோளில் ஈரத்துண்டு கிடந்தது. ஒருமுறை கையை வீசினால் போதும், மாலையிலேயே ஹடப்சர் சென்று, அழிந்துவிட்டதென்று சொல்லலாம், அது பொய்யுமாகாது. கையை உயர்த்தியபோதுதான் கவனித்தேன். குறி பளிச்சென்றிருந்தது. புனேயின் இருபது மழைக்காலங்களைக் கண்ட சுண்ணம் அவ்வாறு இராது. கதவடியில் தரைமேல் வெண்பொடி சிந்தியிருந்தது. மங்கும்தோறும் அவர் அதன்மேல் மீண்டும் வரைந்து வந்திருக்கிறார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திருகாணியோடு வந்தேன். அடுத்தமுறை தம்பியைக் கண்டபோது, "அழிக்கவில்லை" என்று மட்டும் சொன்னேன். சொல்லில் பிழையில்லை. கண்டதை அளந்து சொல்வதே ஒழுக்கமென்று பயின்றவன் நான். புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருக்கிறார் என்று சொன்னால் அது வன்மமாகப் படுமோ ஏக்கமாகப் படுமோ என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை நான் சொல்லாது விட்டேன். "சரி சார்" என்றார் அவர். பிறகு அங்கே செல்ல எனக்குக் காரணம் இல்லாமற்போயிற்று. பம்பரில்தான் குறையே இல்லையே.

ஆண்டுகள் சென்றன. ஹடப்சரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன என்றார்கள். அவர் ஞாயிறுதோறும் அணைக்குச் சென்று திரும்பினார். பின்னர் மாதம் ஒருமுறை. பின்னர் வண்டி கொட்டகையிலேயே நின்றது. இரண்டாயிரத்துக்குப் பின் ஒரு கோடையில், மருத்துவர் கொடுத்த நெஞ்சுப் படத்தை அதே வடக்குச் சாளரத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல எனக்கு வேலை இல்ல வாத்யாரே. டாக்டரே குறி போட்டுக் குடுத்துட்டாரு." தம்பிக்குச் சொல்லட்டுமா என்றேன். "குறி கெடக்குது. வரணும்னா வருவான்" என்றார். நான் அவரைக் கேளாமலேயே ஆள் அனுப்பினேன். ஆள் ஹடப்சரை அடைந்த அன்று காலையிலேயே அவர் கண்மூடிவிட்டார்.

தம்பி வந்தார், கொள்ளி வைத்தார். பதினோராம் நாள் சடங்கு முடிந்து உறவினர் கலைந்தபின், உள்ளறைக் கதவின் முன் இருவரும் நின்றோம். இப்போதேனும் சொல்லிவிடவேண்டுமென்று, பல ஆண்டுகளுக்கு முன் நான் கண்டதையும், அவரிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அவர் குனிந்து கதவடியில் விரலை வைத்து எடுத்தார். விரல் நுனி வெண்மையாக இருந்தது.

"படுக்கையில விழறதுக்கு முன்னாடிகூடப் போட்டிருக்காரு" என்றார். விரலைத் துடைக்காமலே, "நீங்க அன்னிக்கு இதைச் சொல்லியிருக்கலாம் சார்" என்றார். கடிந்துகொள்ளும் குரலன்று. அதனால்தான் இன்றுவரை காதில் நிற்கிறது.

என் மனைவி தயங்கித் தயங்கி ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். அதை வாங்கினார், குறிவரை கையைக் கொண்டுபோனார், நிறுத்தினார்.

"போட்டவருதாம்மா அழிக்கணும்."

துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொட்டகையிலிருந்து திருப்புளி எடுத்துவந்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாராம். பின்புறம் சற்று நின்றாராம். "வண்டியைப் பின்னாடி பாத்துக்கலாம்" என்று உடன் சென்றிருந்த என் மனைவியிடம் சொன்னாராம். கீல்களைக் கழற்றினார். நான் ஒரு முனையைப் பிடிக்க, கதவை இருவருமாகக் கூடத்தில் கிடத்தினோம். அலமாரியில் மடித்து வைத்திருந்த அந்தப் பழைய வேட்டி, அதன் துணி வளையங்களோடு அப்படியே இருந்தது. ஒரு வளையத்தை எடுத்துக் குறியைச் சுற்றி வைத்தார். குறியின் வலக்கால் வளையத்துக்கு வெளியே நீண்டது. வேறொரு துணியை எடுத்து, சற்றுப் பெரிதாகச் சுருட்டி வைத்தார். அதன்மேல் வேட்டியைச் சுற்றிக் கட்டினார். துணி குறியைத் தொடவில்லை.

வாயிலில் டெம்போ நின்றது. ஏற்றும்போது, உள்ளே கண்ணாடியா என்று ஓட்டுநர் இந்தியில் வினவினார்.

"ஆமா. மெதுவாப் போ" என்றார் தம்பி. முன்னிருக்கையில் இடமிருந்தும் ஏறவில்லை. பின்னால் ஏறி, கதவின் பக்கத்தில் சம்மணமிட்டு அமர்ந்து, வேட்டி பறந்துவிடாமல் அதன் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.